ரெட்வுட் கரைக்குப் போகிறவர்களுக்கு: காட்டையும் கலையையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கலிபோர்னியாவின் வடமேற்கு ஓரத்தில் ஹம்போல்ட், டெல் நோர்ட் என்று இரண்டு மாவட்டங்கள் இருக்கின்றன. உலகின் மிக உயரமான மரங்கள் நிற்பது அங்கேதான். நான் போய் வந்ததிலிருந்து உறவினர்களும் நண்பர்களும் பயணத்துக்கு முன் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கு இங்கே ஒன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலோர் மரத்தின் உயரத்தைத்தான் கேட்கிறார்கள், ஊர்களைப் பற்றிக் கேட்பவர் குறைவு. அங்கே மரத்தையும் ஊரையும் பிரிக்க முடியாது என்பது என் எண்ணம். வீடு, தோணி, மாளிகை, வழக்கு, சண்டை எல்லாமே அந்த ஒரு மரத்தைச் சுற்றி எழுந்தவை.

ரெட்வுட் என்பது நம்முடைய செம்மரம்தானா?

இல்லை. பெயரை மொழிபெயர்த்தால் செம்மரம் என்றுதான் வரும். ஆனால் நாம் செம்மரம் என்று சொல்வது ஆந்திராவின் சேஷாசலம் மலைகளில் வளரும் செஞ்சந்தனம். அது வேறு குடும்பம். ரெட்வுட் ஊசியிலை மரம். கடலோர ரெட்வுட்டின் தாவரப் பெயர் செக்கோயா செம்பர்வைரன்ஸ். ‘என்றும் பசுமையானது’ என்று பொருள். இதற்கு ஓர் உறவுக்கார மரம் கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் இருக்கிறது. அதை ராட்சத செக்கோயா என்பார்கள். பருமனில் அதுதான் பெரியது, உயரத்தில் கடலோர ரெட்வுட்டை வெல்ல எந்த மரமும் இல்லை. குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே ரெட்வுட் என்றே எழுதுகிறேன்.

அவ்வளவு உயரத்துக்கு எப்படி வளர்கிறது?

மூடுபனிதான் பெரிய காரணம். ஓரிகனின் தென்மேற்கு மூலையிலிருந்து கலிபோர்னியாவின் பிக் சர் வரை, கடலை ஒட்டிய குறுகிய பட்டையில்தான் இந்த மரம் இயற்கையாக வளர்கிறது. அங்கே கோடையில் மழை அரிது. ஆனால் குளிர்ந்த கடலிலிருந்து பனிப்படலம் உள்ளே நகர்ந்து வரும். ஊசியிலைகள் அந்தப் பனியைச் சீப்புபோல வாரி எடுத்துச் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறக்குகின்றன. இலைகளே நேரடியாக ஈரத்தை உறிஞ்சுவதும் உண்டு. சில இடங்களில் காட்டுக்கு ஓர் ஆண்டில் கிடைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்கு வரை இப்படி வருவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒரு காலை, மழையே இல்லாத நாளில், மரத்தடியில் நின்றேன். பாதை காய்ந்து கிடந்தது. மரத்தைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் நனைந்திருந்தது. மேலே எங்கோ கண்ணுக்கு எட்டாத உயரத்தில் பிடித்த பனி, என் தோளில் துளியாக விழுந்துகொண்டிருந்தது.

பட்டை 30 செ.மீ. வரை தடித்திருக்கும். தீ எளிதில் உள்ளே போகாது. கட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் நிறைந்திருப்பதால் பூச்சியும் பூஞ்சையும் அண்டுவது குறைவு. சில மரங்கள் 2,000 ஆண்டுகளைத் தாண்டியவை. இத்தனைக்கும் ஆணிவேர் கிடையாது. வேர்கள் இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்திலேயே நின்று பக்கவாட்டில் வெகுதூரம் பரவி, அடுத்த மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கின்றன. காய் ஒரு சிறு நெல்லிக்காய் அளவு, விதை தக்காளி விதை அளவு. விதையைவிட அடிக்கட்டையிலிருந்து கன்று விட்டுத் தழைப்பதே அதிகம். தாய்மரம் போன பிறகு அதைச் சுற்றிக் கன்றுகள் வட்டமாக எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது ‘வாழையடி வாழை’ என்ற சொல்தான் நினைவுக்கு வரும்.

உலகிலேயே உயரமான மரத்தைப் பார்க்க முடியுமா?

முடியாது, முயலவும் வேண்டாம். அந்த மரத்துக்கு ஹைபீரியன் என்று பெயர். உயரம் சுமார் 116 மீட்டர். 2006-இல் ரெட்வுட் தேசியப் பூங்காவுக்குள் கண்டுபிடித்தார்கள். இடத்தை அறிவிக்காமல் வைத்திருந்தும் இணையத்தில் கசிந்துவிட்டது. பாதையே இல்லாத காட்டுக்குள் ஆட்கள் நுழைந்து பெரணிகளை மிதித்து, வேரைச் சுற்றிய மண்ணை இறுக்கிவிட்டார்கள். அதனால் 2022-இல் அந்தப் பகுதியை மூடினார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் 116 மீட்டருக்கும் 105 மீட்டருக்கும் வேறுபாடு தெரியாது. உச்சியே தெரியாது என்பதுதான் உண்மை. பட்டியலில் முதலிடம் என்பதற்காக ஓர் உயிரை மிதித்துக் கொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் எந்தத் தோப்புக்குப் போவது?

ஒரு நாளில் ஆறு தோப்பு என்று திட்டமிடாதீர்கள். ஒரு நாளுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

தெற்கிலிருந்து வந்தால் முதலில் ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்கா. அதன் ஊடே ‘அவென்யூ ஆஃப் தி ஜயன்ட்ஸ்’ என்ற பழைய சாலை சுமார் 50 கி.மீ. ஓடுகிறது. விரைவுச்சாலையை விட்டு இதில் இறங்கிவிடுங்கள். ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற தோப்பில் ‘டயர்வில் ஜயன்ட்’ என்ற மரம் கிடக்கிறது. 1991-இல் விழுந்தது, நீளம் 110 மீட்டருக்கு மேல். நிற்கும் மரம் சொல்லாததை இந்த விழுந்த மரம் சொல்லும். பிடுங்கிக்கொண்டு நிற்கும் வேர்த்தட்டு ஆளைவிட உயரம். நான் அடியிலிருந்து நுனிவரை அதன் ஓரமாகவே நடந்தேன். பாசி, பெரணி, கண்ணாடித்தாள் போன்ற காளான், அதன் மேலேயே முளைத்த இளங்கன்றுகள் என்று அந்த உடல் முழுவதும் குடியேற்றம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே ராக்ஃபெல்லர் காடு. வெட்டப்படாமல் மிஞ்சியிருக்கும் முதுகாடுகளில் மிகப் பெரிய தொடர்ச்சியான பரப்பு அதுதான்.

வடக்கே ஒரிக் ஊருக்கு அருகில் லேடி பேர்டு ஜான்சன் குரோவ். சுமார் 365 மீட்டர் உயர மேட்டில் இருப்பதால் பனி அங்கே அடிக்கடி தங்கும். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மரங்களுக்கிடையே ரோடோடென்ட்ரான் பூக்கள் இளஞ்சிவப்பாக மலர்ந்திருக்கும். இன்னும் வடக்கே, கிரசென்ட் சிட்டியை ஒட்டிய ஜெடிடயா ஸ்மித் பூங்காவில் ஸ்டவுட் குரோவ். பிற்பகலில் சாய்ந்த வெயில் மரங்களின் ஊடே வரும்போது போங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஸ்டவுட் குரோவைத்தான் சொல்வேன்.

மரத்தைக் குடைந்து அதன் வழியே கார் ஓட்டும் இடங்கள் சில உண்டு, தனியாருக்குச் சொந்தமானவை. உயிருள்ள மரத்தை வாசலாக்கிக் காசு வாங்குவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. முடிவு உங்களுடையது.

ஃபெர்ன் கேன்யனுக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா?

மே 15 முதல் செப்டம்பர் 15 வரை முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். விதிகள் மாறலாம், புறப்படும் முன் பூங்காவின் தளத்தைப் பாருங்கள். குறுகிய பள்ளத்தாக்கு அது. இரு பக்கமும் 15 மீட்டர் வரை செங்குத்தாக நிற்கும் சுவர்கள், சுவர் முழுக்கப் பெரணி, நடுவில் ஓடை. நனைந்தாலும் பரவாயில்லை என்ற காலணியோடு போங்கள். போகும் வழி மண்சாலை. அதை ஒட்டிய கோல்டு பிளஃப்ஸ் கடற்கரையில் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் கூட்டமாக மேயும். தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் டால் ட்ரீஸ் குரோவ் என்ற தோப்புக்கும் தனி அனுமதி தேவை, அது இலவசம்.

எந்த மாதம் நல்லது? எத்தனை நாள் வேண்டும்?

மே கடைசி வாரத்தில் தொடங்கி ஜூன் நடுப்பகுதிவரை என் முதல் தேர்வு. ரோடோடென்ட்ரானும் கிடைக்கும், பின்னால் சொல்லப்போகும் பந்தயமும் கிடைக்கும். செப்டம்பர், அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை நல்ல மழை. ஆனால் டிசம்பர், ஜனவரியில் சாம்பல் திமிங்கிலங்கள் தெற்கே போவதையும் வசந்தத்தில் அவை வடக்கே திரும்புவதையும் இந்தக் கரையிலேயே இருக்கும் டிரினிடாட் ஊரின் முனையிலிருந்து பார்க்கலாம். கலிபோர்னியா என்றதும் மெல்லிய பருத்திச் சட்டையோடு ஆகஸ்டில் வந்து இறங்கி நடுங்குகிறவர்கள் உண்டு. கடலோரத்தில் கோடைப் பகலே 15–18 டிகிரி அளவில் நின்றுவிடும். ஸ்வெட்டர் கட்டாயம்.

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஹம்போல்ட் மாவட்டத்தின் தலைநகரான யுரேகா சுமார் 435 கி.மீ. 101-ஆம் நெடுஞ்சாலையில் ஐந்து, ஆறு மணி நேரம். ஆர்கேட்டா ஊருக்கு வடக்கே சிறு விமான நிலையம் இருக்கிறது. உள்ளூரில் கார் இல்லாமல் சுற்றுவது கடினம். நான்கு இரவுகளாவது தங்குங்கள். தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, மாநிலப் பூங்காக்களின் சில இடங்களில் உண்டு. காட்டுக்குள் பல இடங்களில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காது. வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் காடு முன்பு இன்னும் பெரியதாக இருந்ததாமே?

ஆமாம். 1850-க்கு முன் சுமார் எட்டு லட்சம் ஹெக்டேர் முதுகாடு இருந்தது. தங்கம் தேடி வந்தவர்கள் மரத்தைக் கண்டார்கள். மர அறுவை ஆலைகள் எழுந்தன. இன்று மிஞ்சியிருப்பது ஏறக்குறைய 5 சதவீதம்.

மிஞ்சியதும் தானாக மிஞ்சவில்லை. 1918-இல் ‘சேவ் தி ரெட்வுட்ஸ் லீக்’ என்ற அமைப்பு தொடங்கி, நன்கொடை திரட்டித் தோப்பு தோப்பாக விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே ஹம்போல்ட் மாவட்டப் பெண்கள் தனியாக ஓர் அமைப்பு கண்டார்கள். அதில் முன்னின்ற லாரா மேஹன், அவருடைய கணவர் ஜேம்ஸ் மேஹன் இருவரின் நினைவாக ஃபவுண்டர்ஸ் குரோவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பாதையும் கல்வெட்டும் இருக்கின்றன. பெரும்பாலோர் டயர்வில் ஜயன்டோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்தக் கல்வெட்டுவரை நடங்கள். தேசியப் பூங்கா 1968-இல்தான் வந்தது. 1978-இல் விரிவாக்கியபோது சேர்ந்த நிலத்தில் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டி முடிக்கப்பட்டது. அந்த மொட்டை நிலத்தில் லாரிச்சாலைகளைப் பெயர்த்தெடுத்துக் காட்டை மீட்கும் வேலை இன்னும் நடக்கிறது. 1980-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது.

1997 டிசம்பரில் ஜூலியா பட்டர்ஃபிளை ஹில் என்ற இளம்பெண் ‘லூனா’ என்ற மரத்தின் மேல் ஏறி, அதை வெட்ட மாட்டோம் என்ற உடன்பாடு கிடைக்கும்வரை இறங்காமல் 738 நாள் இருந்தார். அதுவும் இந்த மாவட்டத்தில்தான்.

அங்கே முன்பிருந்தே வாழ்கிற மக்கள் யார்? அவர்களுடைய கலையை எங்கே பார்க்கலாம்?

யூரோக், வியோட், டோலோவா, ஹூப்பா, கரூக் மக்கள். வாழ்ந்தவர்கள் என்று இறந்தகாலத்தில் பேசாதீர்கள், இன்றும் வாழ்கிறவர்கள்.

டிரினிடாடுக்கு வடக்கே சூமெக் மாநிலப் பூங்கா இருக்கிறது. 2021 வரை வேறு பெயரில் இருந்த இடத்துக்கு யூரோக் மொழிப் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். அங்கே மரபு முறைப்படி 1990-இல் எழுப்பிய யூரோக் கிராமம் உண்டு. ரெட்வுட்டைப் பிளந்த பலகைகளால் ஆன வீடுகள். வாசல் ஒரு வட்டத் துளை, குனிந்து தவழ்ந்துதான் உள்ளே போக முடியும். ஒரே ரெட்வுட் கட்டையைத் தீயால் கருக்கிச் சுரண்டிக் குடையும் தோணிதான் என்னை அதிகம் நிற்க வைத்தது. உட்புறத்தில் ஒரு குமிழை வெட்டாமல் விட்டிருப்பார்கள். அது தோணியின் இதயம். நுரையீரலும் சிறுநீரகமும்கூட உண்டு. வெட்டிய மரம் தோணியாகி உயிரோடு இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. கிளாமத் ஆற்றில் இத்தகைய தோணியில் பயணிகளை யூரோக் மக்களே அழைத்துச் செல்கிறார்கள். அந்த ஆற்றின் நான்கு அணைகளை 2024-இல் அகற்றி முடித்தார்கள். சால்மன் மீனுக்காக இம்மக்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலன் அது.

கூடைகளுக்கு யுரேகாவின் கிளார்க் வரலாற்று அருங்காட்சியகம். அவசரமாகப் போகாதீர்கள். கூடைக்குச் சட்டமாக நிற்கும் குச்சி ஹேசல் செடியின் இளங்கிளை. அது நேராக வளர வேண்டும் என்றால் புதரை முறையாக எரியூட்ட வேண்டும், எரிந்த பிறகு வரும் தளிர்தான் வளையாமல் நீளும். பின்னல் ஸ்ப்ரூஸ் வேர். வெள்ளைக் கோலம் பேர்கிராஸ் புல், கறுப்பு மெல்லிய பெரணித் தண்டு, செம்பழுப்பு ஆல்டர் பட்டைச் சாயம் ஏற்றிய இன்னொரு பெரணி. சாயம் பூசிய படம் என்று நான் முதலில் நினைத்த கோலம், கிட்டே போய்ப் பார்த்தபோது ஒவ்வொரு இழையாகச் சுற்றப்பட்டது என்று தெரிந்தது. சில கூடைகளில் நீர் ஒழுகாது. சூடாக்கிய கல்லைப் போட்டு அவற்றிலேயே ஓக் கொட்டைக் கஞ்சி காய்ச்சினார்கள்.

யுரேகா துறையிலிருந்து எதிரே தெரியும் தீவு துலுவட். 1860 பிப்ரவரி 26 அன்று, உலகைப் புதுப்பிக்கும் சடங்குக்காகக் கூடியிருந்த வியோட் மக்களை, பெரும்பாலும் பெண்களையும் குழந்தைகளையும் முதியவர்களையும், குடியேறியவர்கள் வெட்டிக் கொன்றார்கள். நின்றுபோன அந்தச் சடங்கை 2014-இல் வியோட் மக்கள் மீண்டும் நடத்தினார்கள். 2019-இல் யுரேகா நகரசபை தன்னிடமிருந்த தீவு நிலத்தை அவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. அது சுற்றுலா இடம் இல்லை. கரையில் நின்று பார்த்தால் போதும்.

யுரேகாவில் வேறு என்ன பார்க்கலாம்?

முதலில் கார்சன் மாளிகை. மர வியாபாரி வில்லியம் கார்சன் 1884–86-இல் கட்டியது. இப்போது தனியார் மன்றம், உள்ளே விட மாட்டார்கள். வெளியிலிருந்து அதன் மரவேலைப்பாட்டைப் பார்க்கவே அரைமணி ஆகும். மாரிஸ் கிரேவ்ஸ் கலை அருங்காட்சியகம் செல்வந்தர் கார்னகியின் நன்கொடையில் எழுந்து 1904-இல் திறந்த பழைய நூலகக் கட்டடத்தில் இருக்கிறது. இப்பகுதியில் வாழ்ந்து 2001-இல் மறைந்த ஓவியர் மாரிஸ் கிரேவ்ஸின் பெயர் அது. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை கடைகளும் கலைக்கூடங்களும் கதவைத் திறந்து ஓவியங்களை மாட்டி வைக்கும். ஆர்கேட்டாவில் இது இரண்டாம் வெள்ளிக்கிழமை.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட ரோமானோ கேப்ரியலின் மரத் தோட்டம். இத்தாலியிலிருந்து வந்த தச்சர். உப்புக் காற்றும் வெயிலின்மையும் சேர்ந்து பூச்செடியை வளரவிடாத ஊரில், பழப்பெட்டிப் பலகைகளை அறுத்துப் பூவாகவும் மரமாகவும் முகங்களாகவும் வண்ணம் தீட்டி வீட்டு முற்றத்தில் நட்டார். ஏறக்குறைய 30 ஆண்டுகள் நட்டுக்கொண்டே இருந்தார். 1977-இல் அவர் இறந்த பின் அதைக் காப்பாற்றிப் பழைய நகரத் தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். கட்டணம் இல்லை. இரவிலும் பார்க்கலாம். மரத்தால் செல்வந்தரான ஒருவரின் மாளிகைக்கும், தூக்கி எறிந்த பலகையில் தோட்டம் போட்டவரின் முற்றத்துக்கும் நடந்தே போய்விடலாம்.

சிலைகளை ஓட்டிக்கொண்டு போகும் பந்தயம் என்கிறார்களே, அது என்ன?

கைனெட்டிக் கிராண்ட் சாம்பியன்ஷிப். 1969-இல் ஃபெர்ன்டேல் ஊரில் ஹோபர்ட் பிரவுன் என்ற சிற்பி, மகனுடைய மூன்று சக்கர வண்டியை ஒட்டுவேலை செய்து ஐந்து சக்கர வண்டியாக்கினார். இன்னொரு கலைஞர் ஜாக் மேஸ் போட்டிக்கு அழைத்தார். தெருவில் பந்தயம் வைத்தார்கள், இருவருமே வெல்லவில்லை. இன்று அது மே மாதக் கடைசி வார இறுதியில் மூன்று நாள் விழா. ஆர்கேட்டா சதுக்கத்தில் தொடங்கி ஃபெர்ன்டேலில் முடியும். மனித உடல் வலுவில் மட்டுமே நகரும் சிற்பங்கள். சாலையில் ஓட வேண்டும், மணல்மேட்டில் ஏற வேண்டும், ஹம்போல்ட் விரிகுடாவில் மிதக்கவும் வேண்டும். சரியாக நடு இடத்தில் வருகிறவருக்கும் பரிசு உண்டு. தண்ணீரில் இறங்கும் இடத்தில் நின்று பாருங்கள். மாதக்கணக்கில் இரவு விழித்துக் கட்டிய மீனோ நண்டோ முதன்முதலாக மிதக்கும் அந்த நொடியில் உள்ளே மிதிக்கிறவர்களின் முகத்தைப் பார்ப்பதற்காகவே போகலாம்.

ஃபெர்ன்டேல் பால் பண்ணைகளால் செழித்த ஊர். அக்கால வீடுகள் அழகாக நிற்கின்றன. மாலை ஒன்று ஒதுக்குங்கள்.

வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. ஃபவுண்டர்ஸ் குரோவும் ஸ்டவுட் குரோவும் பெரும்பாலும் சமதரை, சிறு சுற்று. யுரேகாவின் செக்கோயா பார்க் விலங்குக் காட்சிசாலையில் 2021-இல் திறந்த ஸ்கை வாக் உண்டு, மரங்களின் இடையே 30 மீட்டர் உயரம்வரை நடக்கலாம். ஆர்கேட்டா சதுப்புநிலத்தில் நகரத்தின் கழிவுநீரையே நாணலும் குளமும் சுத்தம் செய்கின்றன, பறவைகள் ஏராளம். சமதரை, மாலை நடைக்கு ஏற்றது.

ஆபத்து ஏதாவது உண்டா?

கடல்தான் பெரிய ஆபத்து. அமைதியாக இருக்கும்போதே திடீரென்று ஒரு பேரலை கரையில் வெகுதூரம் ஏறி ஆளை இழுத்துவிடும். தண்ணீருக்கு முதுகு காட்டாதீர்கள், கால் நனைக்கும் ஆசையையும் அடக்குங்கள். நிலநடுக்கத்தை உணர்ந்தால் உடனே மேட்டுக்குப் போங்கள். 1964-இல் அலாஸ்கா நிலநடுக்கத்தின் சுனாமி கிரசென்ட் சிட்டியைச் சிதைத்திருக்கிறது. எல்க் மானைப் படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள்.

நீங்கள் ஆபத்தாக மாறும் இடமும் ஒன்று உண்டு. மார்பிள்டு மர்ரெலெட் என்ற சிறு கடற்பறவை, முதுமரத்தின் உயரக் கிளையில் பாசிமேல் ஒரே ஒரு முட்டை இடும். நீங்கள் சிந்தும் சிப்ஸ் துகளுக்கு வரும் நீலநிற ஜே பறவையும் அண்டங்காக்கையும் அந்த முட்டையையும் தின்றுவிடும். குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள், ஒரு துகள்கூடக் காட்டில் விழக்கூடாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும். ஆர்கேட்டாவின் சனிக்கிழமைச் சந்தையில் காயும் பழமும் ரொட்டியும் நன்றாக இருக்கும். காட்டுப் பகுதியில் கடைகள் குறைவு, கட்டுச்சோறு கொண்டுபோங்கள். அசைவம் உண்கிறவர்களுக்கு ஹம்போல்ட் விரிகுடாவின் சிப்பி.

என்ன வாங்கி வரலாம்?

நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் ரெட்வுட் முண்டில் செய்த கிண்ணங்களும் மேசைகளும் விற்பார்கள். முண்டு என்பது மரத்தின் உடலில் புடைத்து நிற்கும் கழலை. புதுக்கன்று துளிர்க்கும் மொக்குகள் அதற்குள்தான் இருக்கின்றன. அதை இரவில் இயந்திர ரம்பத்தால் வெட்டித் திருடுகிறவர்கள் பெருகியதால், 2014-இல் பூங்காவுக்குள் இருக்கும் நியூட்டன் டுரூரி சாலையை இரவில் மூட வேண்டியதாயிற்று. ஆகவே மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். பழைய கட்டடத்துப் பலகை, தனியார் நிலத்துப் பழைய அடிக்கட்டை என்று தெளிவாகச் சொல்லும் கடையில் மட்டும் வாங்குங்கள். கேள்விக்கு முகம் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

கூடை வாங்குவதானால் பின்னியவர் கையிலிருந்தோ அவர் பெயரைச் சொல்லும் இடத்திலோ வாங்குங்கள். விலை அதிகமாகத் தோன்றும். பேரம் பேச வேண்டாம். உள்ளங்கை அளவுக் கூடைக்கும் அந்தப் பெண்மணி புதர் எரியும் பருவத்துக்குக் காத்திருந்து, தளிர் பறித்து, தோல் உரித்து, காயவைத்து, வேர் தோண்டி, கீறி, பிறகுதான் முதல் இழையைச் சுற்றத் தொடங்கியிருப்பார்.